பீரோவில் துப்பாக்கி, சாமி படத்துக்குப் பின்னால் சாவி!

போடிநாயக்கனூரின் பழைய தெருக்களில் சில வீடுகளில் ஹாலுக்குள் நுழைந்ததுமே தாத்தாவின் போட்டோ கண்ணில் படும். தோளில் டபுள் பேரல் துப்பாக்கி, காலடியில் ஒரு நாய், பின்னால் ஏலத்தோட்டம். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். நாயும் போய்விட்டது. தோட்டம் மூன்று பங்காகிவிட்டது. துப்பாக்கி மட்டும் எங்கும் போகவில்லை. "அது எங்க இருக்கு?" என்று கேட்டால், "பீரோ மேல பழைய வேட்டியில சுத்தி வச்சிருக்கு" என்று பதில் வரும். சாவி? "சாமி படத்துக்குப் பின்னாடி." வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் அது. ஏழு வயதுப் பேரனுக்கும் சேர்த்து.

தேனி மாவட்டத்தில் துப்பாக்கி இருக்கிற வீடு என்பது ஆச்சரியமான விஷயம் அல்ல. மேற்கே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழிகள் மலை ஏறிக் கேரளத்துக்குப் போகின்றன. வீடு போடியிலும் கம்பத்திலும், ஏலத்தோட்டம் இடுக்கியிலும் என்று இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிற குடும்பங்கள் ஏராளம். இந்தப் பக்கம் மேகமலை, வருசநாடு. 2021-ல் அந்தக் காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. காட்டை ஒட்டிய தோட்டம், அக்கம்பக்கம் இல்லாத ஒற்றை வீடு, ராத்திரியில் பன்றி. இதையெல்லாம் சொல்லித்தான் அந்தக் காலத்தில் லைசென்ஸ் வாங்கினார்கள். சட்டத்திலும் அதற்கு இடம் இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிரைப் பாதுகாக்க வைத்திருக்கும் துப்பாக்கியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. குழலின் வாய் வழியே மருந்து போட்டு இடிக்கும் பழைய வகைத் துப்பாக்கி அது. லைசென்ஸ் புத்தகத்தில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருப்பது அதைத்தான்.

இப்போது தேனி பைபாஸ் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்கு வாஸ்து பார்க்கிறார்கள், மாடுலர் கிச்சனுக்கு மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்குகிறார்கள். துப்பாக்கியை எங்கே வைப்பது என்று இன்ஜினீயரிடம் கேட்கிறவர் அபூர்வம். கேட்கிற ஒரு சிலரும் யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். சுவர் முழுக்க வரிசையாகத் துப்பாக்கி, எல்.இ.டி. வெளிச்சம், நடுவில் பெரிய மேஜை, மேஜை நிறைய டூல்ஸ்.

அது நம் ஊருக்குச் சரிப்படாது. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், சட்டமே அனுமதிக்காது. முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் அதை 2 ஆகக் குறைத்தது. லைசென்ஸின் ஆயுள் மட்டும் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீண்டது. போட்டிகளில் சுடும் வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு இரண்டுதான். இரண்டு துப்பாக்கிக்கு ஓர் அறை எதற்கு? கட்டுகிறபோதே யோசித்து ஒதுக்கிய மூன்றடி மூலையும், சுவரோடு பிணைத்த ஓர் இரும்பு அலமாரியும் போதும். அந்த மூலை எது, அலமாரி எப்படி, சாவி யாரிடம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2016-ல் வந்த ஆயுத விதிகள் இதைத் தெளிவாகவே கேட்கின்றன. லைசென்ஸ் கேட்கிறவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதோடு பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஜப்பானில் மறக்க முடியாது. அங்கே துப்பாக்கிக்கு ஒரு பூட்டிய பெட்டி, தோட்டாவுக்கு வேறு ஒரு பூட்டிய பெட்டி. அது வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுதோறும் சோதனையும் உண்டு. பிரிட்டனிலும் லைசென்ஸ் கொடுக்கும் முன்பு போலீஸ் வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்க்கும்.

எந்த மூலை?

முதலில் விலக்க வேண்டிய இடங்கள். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற எந்த இடமும் வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் வேண்டாம், வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பு விடுகிற இடம் அது. பாத்ரூம் சுவரை ஒட்டி வேண்டாம், ஈரம் ஊறும். பூஜை அறை கூடாது. மரியாதைக் குறைவு என்பதற்காக அல்ல, விளக்கும் கற்பூரமும் தோட்டாவும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. சமையலறைக்கும் அதே காரணம்தான். தோட்டத்தில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் இருக்கிறதே, அங்கே வைக்கிற பழக்கமும் சிலருக்கு உண்டு. அந்தச் சூட்டில் தோட்டாவை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அங்கே வேலைக்கு வந்து போகிறவர்களும் அதிகம்.

மிச்சம் இருப்பது லைசென்ஸ்தாரர் படுக்கிற அறைதான். வெளிச்சுவர் வேண்டாம், உள்சுவர். ஜன்னலிலிருந்து தள்ளி. இரண்டு பக்கம் சுவர் அணைத்திருக்கிற மூலை என்றால் இன்னும் நல்லது. கடப்பாரையை நுழைத்து நெம்ப இடம் கிடைக்காது.

அடுத்தது சுவர். கம்பம், உத்தமபாளையம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் இரண்டடி அகலம் இருக்கும். பார்க்கப் பலம்தான், ஆனால் உள்ளே மண்ணும் சுண்ணாம்புக் காரையும். அதில் ஆங்கர் போல்ட் அடித்தால் ஒரு வாரம் பிடிக்கும், பிறகு கையோடு வந்துவிடும். புது வீடுகளின் ஹாலோ பிளாக் சுவரும் உள்ளே வெற்றிடம்தான். இந்த இரண்டு வகை வீட்டிலும் தரையை நம்புவது உத்தமம். நாலு அங்குல உயரத்துக்கு ஒரு சின்ன கான்கிரீட் மேடை போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே நாலு மரை போட்ட கம்பிகளைப் பதித்துவிட்டால், அலமாரியை அதன் மேல் இறக்கி உள்ளே இருந்து நட்டு முடுக்கிவிடலாம். கெட்டியான செங்கல் சுவர் என்றால் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் நான்கு. எப்படியானாலும் போல்ட்டின் தலை அலமாரிக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும்.

போல்ட் ஏன் இவ்வளவு முக்கியம்? காலி அலமாரியை இரண்டு பேர் தூக்கிவிடலாம். பூட்டை உடைக்க நேரம் இல்லாத திருடன் அலமாரியோடு கொண்டுபோவான், காட்டில் வைத்து நிதானமாக உடைப்பான். நகை போனால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு மட்டும். துப்பாக்கி போனால் அது யார் கையில், எந்த ஊரில், எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்பது கட்டாயம். அதனால் துப்பாக்கியின் எண், லைசென்ஸ் எண், தேசியப் பதிவேட்டில் கொடுத்த தனி அடையாள எண் ஆகியவற்றை எழுதி வேறு ஓர் இடத்தில் வைத்திருக்க வேண்டும். எல்லாத் தாளும் அதே அலமாரிக்குள் இருந்து, அலமாரியே போய்விட்டால் ஸ்டேஷனில் சொல்ல எதுவும் இருக்காது.

அலமாரி எப்படி இருக்க வேண்டும்?

துணி வைக்கிற ஸ்டீல் பீரோ இதற்கு ஆகாது. தகடு மெல்லியது, கதவின் மூலையில் ஒரு லீவர் கொடுத்தால் வளைந்துவிடும். 2 மி.மீ. தகட்டில், கீல் உள்பக்கம் இருக்கும்படி, பூட்டு மேலும் கீழும் இரண்டு இடத்தில் பிடிக்கும்படி செய்யச் சொன்னால் உள்ளூர் ஃபேப்ரிகேஷன் பட்டறையிலேயே செய்துவிடுவார்கள். அளவுக்குத் துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம், டேப்பால் அளந்து போனால் போதும். 30 அங்குலக் குழல் உள்ள டபுள் பேரல் மொத்தம் ஏறக்குறைய 4 அடி நீளம். உள்ளே நாலரை அடி உயரம், ஓரடி அகலம் இருந்தால் தாராளம். பட்டறைக்காரரிடம் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லவும் அவசியம் இல்லை. "டாக்குமென்ட் பெட்டி" என்றால் போதும்.

மடக்கித் திறக்கிற டபுள் பேரலுக்கு இன்னொரு வசதி உண்டு. முன்கட்டை, குழல், அடிக்கட்டை என்று மூன்று துண்டாகக் கழற்றிவிடலாம், ஆயுதம் எதுவும் வேண்டாம், கையே போதும். குழலை ஒரு பூட்டில், அடிக்கட்டையை இன்னொரு பூட்டில் வைத்தால் திருடனுக்குக் கிடைப்பது பாதித் துப்பாக்கி. குழந்தைக்குக் கிடைப்பது வெறும் குழாய். நாட்டு வகை மருந்துத் துப்பாக்கியை இப்படிப் பிரிக்க முடியாது, அதனால் அதற்குத்தான் அலமாரி இன்னும் கெட்டியாக வேண்டும். அதில் மருந்து இடித்தபடியே மாதக்கணக்கில் சுவரில் சாத்தி வைக்கிற பழக்கம் மலையடிவாரத்தில் இன்னும் இருக்கிறது. திறந்து பார்த்துத் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் வசதி அந்த வகைக்குக் கிடையாது. நிரப்பியதா காலியா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாத ஒரு பொருள் வீட்டில் நிற்கிறது என்று அர்த்தம்.

தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. முடிந்தால் வேறு அறை. லைசென்ஸில் எழுதியுள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வைக்கக் கூடாது. பெட்டிக்குள் ஒரு சின்ன நோட்டில் வாங்கியது, செலவானது, மிச்சம் என்று எழுதி வருவது நல்லது. அதிகாரி கேட்டால் பயன்படும். ஒன்று குறைந்தால் வீட்டுக்காரருக்கே முதலில் தெரியும்.

இதில் ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். தாத்தா காலத்துத் தோட்டாக்கள். பழைய டிரங்குப் பெட்டியின் அடியில், மெழுகு உரிந்து, பச்சை பூத்து இரண்டு மூன்று கிடக்கும். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியில் இருப்பதை அப்படியே வாரி நெருப்பில் கொட்டினால் என்ன ஆகும்? குழலுக்குள் இல்லாததால் துப்பாக்கி சுட்டதுபோல் பாயாது என்றாலும், வெடித்துச் சிதறுகிற உறை கண்ணைப் பறிக்கப் போதும். குப்பை வண்டியில் போடுவதும் கிணற்றில் வீசுவதும் அதே தப்புதான். லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைப்பதுதான் வழி.

சாவி யாரிடம்?

தமிழ் வீட்டில் பீரோ சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அம்மாவின் இடுப்பில். துப்பாக்கி அலமாரி விஷயத்தில் அந்த வழக்கத்தை மாற்றியாக வேண்டும். லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஒருவர்தான் அந்த ஆயுதத்துக்கு உரியவர். மனைவிக்கோ மகனுக்கோ அந்த உரிமை தானாக வந்துவிடாது. பிரிட்டனில் சாவி எங்கே இருக்கிறது என்பதே லைசென்ஸ்தாரர் தவிர வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார்கள். இங்கே மனைவிக்குத் தெரியாமல் ஒரு சாவியை வைத்திருப்பது நடக்கிற காரியமா என்று சிரிக்கலாம். நம்பர் பூட்டு அதற்குத்தான். எண் மட்டும் கல்யாண நாளாகவோ பைக் நம்பராகவோ இருக்கக் கூடாது.

"என் பொண்டாட்டி பிள்ளையையே நம்பாதவனா நான்?" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. இது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, நேரம் சம்பந்தப்பட்டது. குடித்துவிட்டு வந்த ராத்திரியில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு. பரீட்சை ரிசல்ட் வந்த அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மகன். ஏலக்காய் விலை சரிந்து, கடன்காரன் வாசலில் நின்ற வருஷம். மனித மனம் இருண்டுபோகிற கணங்கள் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கடந்து போகிறவை. அந்தக் கொஞ்ச நேரத்தில் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. இரண்டு பூட்டு, இரண்டு அறை, கழற்றி வைத்த மூன்று துண்டு என்பதெல்லாம் அந்த நேரத்தை நீட்டுகிற வேலைகள். வீட்டில் யாருக்காவது மனம் சரியில்லை என்று தெரிந்தால், லைசென்ஸ்தாரருக்கே அப்படி இருந்தாலும்கூட, துப்பாக்கியைச் சில மாதங்களுக்கு ஆயுதக் கடையில் பாதுகாப்புக்காக ஒப்படைத்துவிடலாம். சட்டப்படி வழி இருக்கிறது, ரசீதும் உண்டு. மனம் விட்டுப் பேச 14416 என்ற டெலிமானஸ் எண் இரவும் பகலும் இயங்குகிறது.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது நல்ல வழக்கம். வைக்கும் முன்பு குழல் காலியா என்று இரண்டு முறை பார்த்து, பூஜை முடிந்ததும் உடனே துடைத்துப் பூட்டிவிட வேண்டும். சந்தனத்தின் ஈரம் இரும்புக்கு ஆகாது. பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது அதைவிட ஆகாது. இந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, இந்த அறையில்தான் இருக்கிறது என்று நானூறு பேருக்கு அட்ரஸ் கொடுத்ததுபோல ஆகிவிடும். கல்யாணத்திலோ திருவிழாவிலோ வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வொர்க்‌ஷாப் ஆசை

கைவேலை தெரிந்தவர்களுக்கு ஓர் ஆசை இருக்கும். வீட்டிலேயே ஒரு வைஸ், ஒரு டிரில், அரம், எண்ணெய் டப்பா வைத்து, துப்பாக்கியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. சட்டம் இங்கே கோடு கிழித்திருக்கிறது. துடைக்கலாம், எண்ணெய் போடலாம். ஆயுதத்தை ரிப்பேர் செய்வதைத் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும். குழலை அறுத்துக் குட்டையாக்குவது, ஆயுதத்தை வேறு வகையாக மாற்றுவது ஆகியவற்றை ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு நேரடியாகவே தடுக்கிறது. தேனியில் எந்த லாரியின் எந்தப் பாகத்தையும் கடைந்து கொடுக்கிற லேத் பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் கைத்திறனில் குறை இல்லை. ஆனாலும் தேய்ந்த விசையையோ தளர்ந்த சுத்தியலையோ அங்கே கொண்டுபோனால் கொடுத்தவருக்கும் வம்பு, செய்தவருக்கும் வம்பு. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. துப்பாக்கி அலமாரி இருக்கிற அறையிலேயே டிரில் மெஷின், கிரைண்டர், ஹேக்ஸா பிளேடு, கடப்பாரை எல்லாவற்றையும் வைத்தால், திருடன் வெறுங்கையோடு வந்தாலே போதும். வீட்டுக்காரர் கருவியாலேயே வீட்டுக்காரர் பூட்டை அறுப்பான். டூல்ஸ் வேறு அறையில், அதுவும் பூட்டி. துடைக்க வேண்டியதற்கு ஒரு மேஜை, ஒரு பழைய போர்வை, குழலுக்கேற்ற பித்தளைக் கம்பி, துணித் துண்டுகள், எண்ணெய் இவ்வளவு போதும்.

எண்ணெய் என்றதும் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுக்கிறவர்கள் உண்டு. சமையலுக்கும் தலைக்கும் உத்தமமான எண்ணெய், இரும்புக்கு அல்ல. மேகமலைக் குளிரில் உறைந்துபோகும், நாளானால் பிசுபிசுத்து விசையைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய் நல்லது. அதுவும் நாலு சொட்டுதான். துடைக்க உட்காரும் முன்பு தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும். குழல் காலி என்று கண்ணாலும் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே மற்றது. கரிமருந்து போடும் துப்பாக்கி என்றால் எண்ணெய் மட்டும் போதாது. அந்தக் கரி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக் குழலை உள்ளே அரிக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி ஆடிச் சாரலும், ஐப்பசி மழையும் இரண்டுமே உண்டு. துணியில் சுற்றி வைத்தால் துருப்பிடிக்காது என்று நினைப்பது தவறு. துணியும் தோல் உறையும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மெதுவாக இரும்புக்குக் கொடுக்கும். அந்தப் பழைய வேட்டியை முதலில் எடுத்துவிட வேண்டும். அலமாரிக்குள் சிலிகா ஜெல் பாக்கெட் நாலு போட்டு, மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்து மறுபடி போட்டால் போதும். குழலின் வாய் கீழே இருக்கும்படி சாத்தினால் எண்ணெய் வழிந்து மரக்கட்டைக்குள் ஊறாது.

தேர்தல் வந்தால் இந்தத் துடைக்கும் வேலைக்கு இன்னும் முக்கியத்துவம். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16-ல் வந்தது, ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4-ல். ஏறக்குறைய இரண்டரை மாதம். ஒப்படைக்கச் சொன்ன துப்பாக்கி அத்தனை நாள் யார் கையும் படாமல் ஸ்டேஷன் அறையில் இருக்கும். கொடுக்கும் முன்பு நன்றாக எண்ணெய் போட்டு, ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்த அன்றே மறுபடி ஒருமுறை.

மலை ஏறினால் வேறு சட்டம்

தோட்டம் இடுக்கியில் இருப்பவர்களுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், போடிமெட்டு சோதனைச் சாவடியைத் தாண்டிய அடுத்த அடியிலேயே அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. தன் சொந்தத் தோட்டம்தான், தாத்தா காலத்திலிருந்து போய்வருகிற பாதைதான் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பன்றி விஷயத்திலும் இதே குழப்பம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸில் எழுதியிருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதிக்கிறது. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுடவைக்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்து இந்தப் பக்கமும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றியைத்தான் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். விவசாயி சுட்டால் பயிரும் போகும், லைசென்ஸும் போகும், வழக்கும் வரும். கம்பத்துப் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு வரும் கிளி, மயில், குரங்குக்கு ஏர்கன் எடுக்கிறவர்களுக்கும் இதுவேதான். குறைந்த சக்தி ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மை. அதனால் மயிலைச் சுடலாம் என்று ஆகிவிடாது. 2023 மே மாதம் கம்பம் டவுனுக்குள் அரிக்கொம்பன் யானை வந்தபோதும், மயக்க ஊசியும் கும்கிகளும்தான் வேலை செய்தன.

தாத்தா போன பிறகு

கடைசியாக, பெரும்பாலான குடும்பங்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடம். லைசென்ஸ் ஆளோடு சேர்ந்தது, வீட்டோடு சேர்ந்தது அல்ல. லைசென்ஸ்தாரர் இறந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கி வீட்டில் இருக்க யாருக்கும் உரிமை இல்லை. காரியம், கருமாதி, பங்குப் பேச்சு என்று ஆறு மாதம் ஓடிவிடும், துப்பாக்கி பீரோ மேலேயே கிடக்கும். லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை வைத்திருப்பதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. எதுவும் அறியாத பாட்டி பெயரில்கூட வழக்கு வரலாம்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை அல்ல. தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவதற்கு முன்பு ஸ்டேஷனுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவது நல்லது. அவர்களே வந்து எடுத்துக்கொள்ளலாம், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வார்கள். பிறகு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். அதன் பிறகு யாருக்கு வேண்டுமோ அவர் பெயரில் கலெக்டரிடம் விண்ணப்பம். லைசென்ஸ்தாரர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் 2016 விதிகளில் வழி உண்டு. அவருக்கு 70 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் யாரும் வேண்டாம் என்றால் கடை மூலம் விற்றுவிடலாம், அரசிடம் சரண் செய்துவிடலாம். ஹாலில் இருக்கிற போட்டோவுக்கு லைசென்ஸ் தேவையில்லை.